கையெழுத்துக்கு முன்

இந்த அத்தியாயம், ஆய்வுக்கூடம் இருக்கும் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. மருத்துவ மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டம், வேதியியல், பொருளியல் என்று எதைப் படிப்பவராக இருந்தாலும் சரி. மருந்து விலையை எதிர்த்துக் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மருந்துக் கம்பெனியின் வாசலில் போய் நிற்கிறார்கள். அது நிற்க வேண்டிய இடம்தான். ஆனால் பல மருந்துகளின் கதை கம்பெனியில் தொடங்குவதில்லை. உங்கள் வகுப்பறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அங்கே கண்டுபிடித்த மூலக்கூறு கம்பெனிக்குக் கைமாறும் நாளில் ஓர் உரிம ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அந்த ஒப்பந்தத்தில் ஏழை நாடுகளின் நோயாளிகளுக்காக ஒரு பத்தி இருந்துவிட்டால், பத்து வருடம் கழித்து யாரும் தெருவில் உட்கார வேண்டியிருக்காது. அந்தப் பத்தியைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

நியூ ஹேவனுக்கு வந்த கடிதம்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர்கள் தென்னாப்பிரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர். கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷா குடியிருப்பில் அவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் நடத்திவந்தார்கள். ஸ்டாவுடின் என்ற மருந்தின் மலிவான ஜெனரிக் வடிவத்தை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தால், அதைக் காப்புரிமை மீறல் என்று யேல் சொல்லுமா? கடிதத்தின் சாரம் அவ்வளவுதான்.

மருந்துக் கம்பெனியிடம் கேட்க வேண்டியதைப் பல்கலைக்கழகத்திடம் ஏன் கேட்டார்கள்? காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. ஸ்டாவுடினை 1960களில் முதலில் உருவாக்கியவர் டெட்ராய்டில் புற்றுநோய் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெரோம் ஹார்விட்ஸ். புற்றுநோய்க்கு அது பயன்படாததால் ஓரம் கட்டப்பட்டது. 1980களில் யேல் பேராசிரியர் வில்லியம் புருசாஃபும் அவருடன் பணியாற்றிய டாய்-ஷுன் லின்னும் அது எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று கண்டார்கள். யேல் அந்தப் பயன்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கி, பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்குத் தனி உரிமம் கொடுத்தது. 1994இல் 'ஸெரிட்' என்ற பெயரில் மருந்து சந்தைக்கு வந்தது. அதன் ராயல்டியாக மட்டும் யேலுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது.

அதே பிப்ரவரியில்தான் மும்பையின் சிப்லா நிறுவனம் ஒரு விலையை அறிவித்திருந்தது. ஸ்டாவுடின் உட்பட மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. பணக்கார நாடுகளில் அப்போது இப்படிப்பட்ட சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. மருந்து மும்பையில் தயாராக இருந்தது, நோயாளி கயேலிட்ஷாவில் காத்திருந்தார், நடுவில் நியூ ஹேவனில் ஒரு கோப்பு கிடந்தது.

யேலின் முதல் பதிலை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் உங்களுக்கும் இதே பதில்தான் வரும்: உரிமத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், இனி பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான், எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது.

அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஏமி கப்சின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. அவர்கள் செய்த முக்கியமான காரியம் புருசாஃபைப் போய்ப் பார்த்தது. அந்த மருந்து எச்.ஐ.வி.க்குப் பயன்படும் என்று கண்டவர் அவர். தன் மருந்து ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு நியூயார்க் டைம்ஸிலும் தானே எழுதினார். இன்னொரு பக்கம், மாணவர்களும் ஆய்வாளர்களும் ஊழியர்களுமாகச் சுமார் 600 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பல்கலைக்கழகம் கம்பெனியோடு பேசத் தொடங்கியது. மார்ச் 14 அன்று பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையைக் காட்டி யாரையும் தடுக்க மாட்டோம் என்று அறிவித்தது, விலையையும் குறைத்தது. கடிதம் வந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஓர் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 1,600 டாலரிலிருந்து 55 டாலருக்கு இறங்கியது. ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் நிறுவனம் அதைத் தயாரித்தால் வழக்குப் போட மாட்டோம் என்ற உடன்படிக்கையும் வந்தது.

இந்த வெற்றியை மாணவர்கள் மட்டும் சாதித்ததாக எழுதுவது நியாயமாகாது. 1998 டிசம்பரில் ஸாக்கி அக்மத்தும் தோழர்களும் தொடங்கிய 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' தென்னாப்பிரிக்கத் தெருக்களில் இரண்டு வருடமாகப் போராடிக்கொண்டிருந்தது. மலிவான மருந்துக்கு வழிவிடும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு அதே மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்து, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரலில் அந்த வழக்கையே கம்பெனிகள் திரும்பப் பெற்றன. பூட்டைத் திறக்கப் பலர் சேர்ந்து தள்ளினார்கள். ஆனால் ஒரு சாவி மாணவர்கள் வாழ்ந்த வீட்டுக்குள் இருந்தது. வெளியே நிற்பவர்கள் எத்தனை ஆயிரம் பேராக இருந்தாலும் அந்தச் சாவி அவர்கள் கைக்கு எட்டாது.

அந்த அனுபவத்திலிருந்துதான் 'அத்தியாவசிய மருந்துகளுக்கான பல்கலைக்கழகங்களின் கூட்டணி' என்ற மாணவர் அமைப்பு பிறந்தது. அதன் அடிப்படைப் பாடம் இது: யேலில் கையெழுத்தான பிறகு போராட வேண்டியிருந்தது. அடுத்த மருந்துக்குக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஒரே ஒரு மூலக்கூறு

'எல்லோருக்கும் மருந்து' என்ற பதாகையோடு தொடங்காதீர்கள். அந்த ஆசை சரி. ஆனால் அதற்கு நிர்வாகம் எளிதாக ஆமாம் சொல்லிவிட்டு அனுப்பிவைத்துவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரே ஒரு மூலக்கூறையோ தடுப்பூசியையோ நோயறி கருவியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜாதகத்தை முழுக்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேடுவது கடினமில்லை. அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தென்றால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வெளியிடும் 'ஆரஞ்சு புத்தகம்' என்ற பட்டியலில் காப்புரிமை எண்கள் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் காப்புரிமை ஆவணத்தைத் திறந்தால் உரிமையாளர் யார் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். கொஞ்சம் கீழே போனால், இன்ன அரசு நிதியின் உதவியோடு இந்தக் கண்டுபிடிப்பு நடந்தது என்று ஒரு வரி இருக்கும். அரசு நிதி பெற்றிருந்தால் அமெரிக்கச் சட்டப்படி அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும். உங்கள் பிரசாரத்தின் முதல் துண்டறிக்கையில் அந்த ஒரு வரியை அப்படியே அச்சிடுங்கள். வேறு எந்த வாசகமும் அதைவிட வலுவாக இருக்காது. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியையும் விடாதீர்கள். நிதி எண்கள் அங்கேதான் கிடைக்கும்.

எந்தெந்த நாட்டில் அந்த மருந்துக்குக் காப்புரிமை இருக்கிறது என்று பார்க்க, மருந்து உரிமங்களைத் திரட்டி ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கும் மெடிசின்ஸ் பேட்டன்ட் பூல் என்ற அமைப்பு நடத்தும் 'மெட்ஸ்பால்' என்ற இணையத் தரவுத்தளம் உண்டு. எச்.ஐ.வி., காசநோய், கல்லீரல் அழற்சி போன்றவற்றின் மருந்துகளுக்கு அது பெரிய உதவி. இந்தியாவில் நிலவரம் தெரிய இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்' தேடல் பக்கம் இருக்கிறது. விண்ணப்பத்தின் நிலை, அலுவலகம் எழுப்பிய ஆட்சேபங்கள், விண்ணப்பதாரரின் பதில்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். முதல் முறை படிக்கும்போது தலை சுற்றும். சட்ட மாணவர் ஒருவரையும் வேதியியல் மாணவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். ஒருவருக்குப் புரியாதது மற்றவருக்குப் புரியும். இரண்டு மாலைப்பொழுது போதும்.

இந்த வேலைக்கு முன்னுதாரணம் வேண்டுமானால், கோவிட் காலத்தில், முன்பு சொன்ன மாணவர் கூட்டணியைச் சேர்ந்த இளைஞர்கள் செய்ததைச் சொல்லலாம். ஆக்ஸ்ஃபோர்டு-ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கு அடிப்படையான தொழில்நுட்பத்துக்குப் பல ஆண்டுகளாக யார் பணம் கொடுத்தார்கள் என்று தோண்டித் துருவிக் கணக்கெடுத்தார்கள். அடையாளம் காணமுடிந்த நிதியில் 97 சதவீதத்துக்கும் மேல் அரசுகளும் அறக்கட்டளைகளும் கொடுத்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். ஆவணங்களைக் கேட்டு வாங்கி, வரிவரியாகக் கூட்டிய கணக்கு அது.

யாரைப் பார்ப்பது

துணைவேந்தருக்குக் கடிதம் எழுதுவதில் தவறில்லை. ஆனால் முதல் சந்திப்பு, கண்டுபிடித்த பேராசிரியரோடு நடக்கட்டும். அவர் எதிரி அல்ல. தன் மருந்து எத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் அவரைவிட அக்கறை உள்ளவர் குறைவு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கையில் ஒரு பக்கக் குறிப்போடு போங்கள்: இன்று என்ன விலை, எந்த நாட்டில் கிடைக்கவில்லை, ஜெனரிக் தயாரித்தால் என்ன விலைக்கு வரும். அவருடைய ஆய்வைப் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போகிறவர்களை அவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் மேடையேற விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அதுவே பெரிய காரியம்.

அடுத்து அந்த அலுவலகம். உரிம ஒப்பந்தங்களை எழுதுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். ஆண்டு இறுதியில் எத்தனை உரிமம் கொடுத்தோம், எவ்வளவு வருமானம் வந்தது என்று மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். எத்தனை நோயாளிக்கு மருந்து கிடைத்தது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் உங்கள் வேலை. குரலை உயர்த்தாமல், ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் விடாமல் கேளுங்கள்.

பத்தியில் என்ன இருக்க வேண்டும்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் நல்ல வார்த்தைகளில் கொள்கை அறிக்கை வெளியிட்டிருக்கின்றன. 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து ஒன்பது அம்சங்கள் என்று ஒன்றை வெளியிட்டன. 2009இல் யேல், ஹார்வர்டு உட்படச் சில பல்கலைக்கழகங்கள் இன்னும் தெளிவான அறிக்கையில் கையெழுத்திட்டன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2007இலேயே உலகளாவிய அணுகலுக்கான கொள்கையை ஏற்றது. அங்கே மாணவர்கள் உழைத்திருந்தார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் அறிக்கை நோயாளியிடம் போய்ச் சேராது. ஒப்பந்தத்தின் ஷரத்து போய்ச் சேரும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் சொல், உற்பத்தி. 'ஏழை நாடுகளில் காப்புரிமையை வற்புறுத்த மாட்டோம்' என்று மட்டும் எழுதினால் போதாது. மாலாவியில் காப்புரிமை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்தைத் தயாரிக்கும் தொழிற்சாலையும் அங்கே இல்லை என்று கொள்வோம். மருந்து ஐதராபாத்திலோ மும்பையிலோதான் தயாராக வேண்டும். இந்தியாவில் காப்புரிமை அமலில் இருந்தால் மாலாவிக்கான மாத்திரையும் நின்றுபோகும். ஆகவே, குறிப்பிட்ட நாடுகளில் விற்பதற்காக உலகில் எங்கு வேண்டுமானாலும் தயாரிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம் என்று எழுத வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுக் கொண்டாடியவர்கள் உண்டு.

இரண்டாவது, நாடுகளின் பட்டியல். கம்பெனி தரப்பு 'மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள்' என்ற சொல்லைத்தான் முன்வைக்கும். அதில் இந்தியா வராது, தென்னாப்பிரிக்கா வராது, பிரேசில் வராது, இலங்கையும் வராது. உலகின் ஏழை நோயாளிகளில் பெரும்பாலோர் வாழ்வது நடுத்தர வருமான நாடுகளில். உலக வங்கி வகைப்படுத்தும் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகள் அனைத்தும் என்று கேளுங்கள். பேரத்தில் எங்கே விட்டுக்கொடுப்பது என்று உள்ளுக்குள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தயாரிக்கும் நாட்டை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பின்னால் வரும் காப்புரிமைகள். மூலக்கூறு பல்கலைக்கழகத்துடையது, அதன் உப்பு வடிவம், மாத்திரை வடிவம் என்று கம்பெனி பிறகு வாங்கும் காப்புரிமைகள் வேறு. முதல் பூட்டைத் திறந்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் கதவு திறக்காது. கம்பெனி பெறும் தொடர் காப்புரிமைகளுக்கும் இந்தப் பத்தி பொருந்தும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

வாய்மொழி வாக்குறுதியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, 2020இன் தொடக்கத்தில், கோவிட் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமம் அல்லாத, ராயல்டி இல்லாத உரிமமே தங்கள் வழக்கமாக இருக்கும் என்று அறிவித்தது. பிறகு தடுப்பூசிக்கான தனி உரிமம் ஆஸ்ட்ராசெனகாவுக்குப் போனது. லாபமில்லாத விலையில் கொடுப்போம் என்ற வாக்குறுதி இருந்தும், 2021 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா ஒரு டோஸுக்கு 5.25 டாலர் விலை கொடுத்தது. ஐரோப்பிய நாடுகளுக்குக் கிடைத்தது இரண்டு டாலர் சொச்சத்துக்கு. ஏழை நாடு அதிகம் கொடுத்த கணக்கு இது.

நல்ல உதாரணமும் இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், சுடெசோலிட் என்ற காசநோய் மருந்தைக் கூட்டுச் சிகிச்சையில் வளர்ப்பதற்கான உரிமத்தை மெடிசின்ஸ் பேட்டன்ட் பூலுக்குக் கொடுத்தது. அந்த மருந்து தனியுரிமத்தில் முடங்கிவிடக் கூடாது என்று மாணவர்களும் காசநோய் இயக்கத்தினரும் கேட்டுக்கொண்டேயிருந்ததற்கு அதில் பங்குண்டு. மருந்து ஆய்வு நிலையில் இருக்கும்போதே, யாருக்கும் பெரிய லாபம் வரத் தொடங்குவதற்கு முன்பே கேட்டதால் கிடைத்தது. கேட்க வேண்டிய காலம் அதுதான்.

அவர்கள் சொல்லப்போவது

'இப்படி ஷரத்து வைத்தால் எந்தக் கம்பெனியும் எங்களிடம் வராது' என்பார்கள். அமைதியாக எண்களைப் பேசுங்கள். 2001இல் உலக மருந்து விற்பனையில் முழு ஆப்பிரிக்காவின் பங்கு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கம்பெனியின் லாபம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. அங்கே அதன் உரிமையை நீங்கள் தொடவில்லை.

'ராயல்டி ஆய்வுக்குத்தான் போகிறது' என்பார்கள். போகட்டும். ஆனால் ராயல்டி ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அரசு நிதியுதவியோடு என்சலுடமைட் என்ற புரோஸ்டேட் புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 1,29,000 டாலர் வரை போனது. 2016இல் அதன் ராயல்டி உரிமையைப் பல்கலைக்கழகமும் பங்குதாரர்களும் 114 கோடி டாலருக்கு விற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த மருந்துக்கான விண்ணப்பத்தை நிராகரித்தது. பல்கலைக்கழகம் அந்த முடிவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றம் வரை வந்தது. தங்கள் பல்கலைக்கழகம் தங்கள் பெயரில் இன்னொரு நாட்டின் நோயாளிகளுக்கு எதிராக வழக்காடுகிறது என்று அறிந்த மாணவர்கள், நிர்வாகக் குழுக் கூட்டங்களில் எழுந்து பேசினார்கள். பொதுமக்கள் பேசுவதற்கென்று அத்தகைய கூட்டங்களில் சில நிமிடங்கள் ஒதுக்குவது உண்டு. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

'கை கட்டப்பட்டிருக்கிறது' என்ற பதிலை ஏற்கெனவே பார்த்தோம். இரண்டு பேர் போட்ட ஒப்பந்தத்தை இரண்டு பேர் சேர்ந்து திருத்தலாம். யேலிலும் இரு தரப்பும் பேசித்தான் வழி பிறந்தது.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு

நம் பங்கு மலிவு மருந்து தயாரிப்பதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் சிப்லாவின் 350 டாலர் விலை. 2005இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. வந்தபோது நாடாளுமன்றம் இரண்டு பாதுகாப்புகளைச் சேர்த்தது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிதென்று காட்டினால், நோய் தீர்க்கும் திறன் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது 3(டி) பிரிவு. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்பது 25(1) பிரிவு. 'யார் வேண்டுமானாலும்' என்ற அந்தச் சொல்லில் நீங்களும் அடக்கம்.

இதன் முதல் பெரிய சோதனை சென்னையில் நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கொடுத்த விண்ணப்பத்தைப் புற்றுநோய் நோயாளிகள் உதவிச் சங்கம் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் ஆன அந்த மருந்தின் ஜெனரிக் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

பெடாகுலின் கதை இன்னும் நெருக்கமானது. கடும் காசநோய்க்கான அந்த மருந்தின் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கொடுத்த விண்ணப்பத்துக்கு எதிராக 2019இல் மனு கொடுத்தவர்கள் இரண்டு இளம் பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், கயேலிட்ஷாவின் ஃபுமேசா டிசிலே. இருவருக்குமே மாணவப் பருவத்தில் காசநோய் வந்தது. அதற்காகப் போட்ட பழைய ஊசிகளால் இருவருக்குமே செவித்திறன் போனது. காதைப் பறிக்காத மாத்திரை மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று எழுதிய மனு அது. 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை காலாவதியானதும் இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2001இல் எந்தக் குடியிருப்பின் நோயாளிகளுக்காகக் கடிதம் எழுதப்பட்டதோ அதே குடியிருப்பிலிருந்து வந்தவர் ஒருவர், நம் சட்டத்தின் ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு உலகத்துக்கே கதவு திறந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நம் அரசு நிறுவனங்களும் உரிமம் கொடுக்கின்றன. கோவாக்சின் என்ற கோவிட் தடுப்பூசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு நிகர விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி என்று ஒப்பந்தமானது. உங்கள் பல்கலைக்கழகம் அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த நகலைக் கேட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டுவார்கள். பரந்த பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மேல்முறையீட்டில் அதை எடுத்துக்காட்டுங்கள். முதல் விண்ணப்பத்தில் எண்ணிக்கை மட்டும் கேட்பது நல்லது. ஒரு மாதிரி:

'மதிப்பிற்குரிய பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு, கடந்த ஐந்து ஆண்டுகளில் இப்பல்கலைக்கழகம் மருந்து, தடுப்பூசி, நோயறி கருவி ஆகியவை தொடர்பாகக் கொடுத்த உரிமங்களின் எண்ணிக்கை, அவற்றில் தனியுரிமங்கள் எத்தனை, அக்கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்த அரசு நிதியின் விவரம், விலை அல்லது கிடைக்கும்தன்மை தொடர்பாக நிபந்தனை விதிக்கும் ஷரத்து உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பூஜ்யம் என்று பதில் வரும். அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகச் செனட் உறுப்பினர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

வென்ற பிறகு

ஸ்டாவுடின் இன்று எச்.ஐ.வி. சிகிச்சையில் இல்லை. நரம்புப் பாதிப்பு, உடற்கொழுப்பு இடம் மாறுதல் போன்ற பக்கவிளைவுகளால் அதைப் படிப்படியாக விலக்கும்படி 2009இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மலிவாகக் கிடைத்த அந்த மருந்து எத்தனையோ பேரைச் சாவிலிருந்து மீட்டது. அதைவிட நல்ல மருந்து வந்ததும் விலைப் போராட்டம் மறுபடி தொடங்கியது. ஒரு மூலக்கூறுக்கு வாங்கிய சலுகை அடுத்த மூலக்கூறுக்குத் தானாக வராது. அதனால்தான் ஒரு மருந்தில் தொடங்கி, எல்லா உரிமங்களுக்கும் பொருந்தும் கொள்கையில் போய் நிற்க வேண்டும் என்கிறேன்.

கொள்கை வந்துவிட்டால் அது பின்பற்றப்படுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும். 2013இல் அந்த மாணவர் கூட்டணி வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் பட்டியலே வெளியிட்டது. யார் எவ்வளவு அணுகல் நிபந்தனையோடு உரிமம் கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது. குறைந்த மதிப்பெண் வாங்குவது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பிடிக்காது.

மாணவர் இயக்கங்கள் எதிர்ப்பால் சாவதைவிடப் பட்டமளிப்பு விழாவால் சாவது அதிகம். முன்னால் நின்ற நான்கு பேரும் ஒரே ஆண்டில் வெளியே போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர்கள் முதல் கடிதத்திலிருந்து தொடங்குவார்கள். நிர்வாகத்துக்குக் காத்திருக்கத் தெரியும். ஆகவே முதலாம் ஆண்டு மாணவர் இரண்டு பேர் இல்லாமல் எந்தச் சந்திப்புக்கும் போகாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றிரவே யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, அதைச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கும் அனுப்பி, சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காப்புரிமை எண்கள், தகவல் உரிமைப் பதில்கள், உதவிய பேராசிரியரின் பெயர், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துத் தேர்வுகள் தொடங்கும் முன் அந்த இருவர் கையில் கொடுங்கள். முதல் பக்கத்தில், அடுத்த உரிமக் குழுக் கூட்டத்தின் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.